ஆரணித் தறியும் அண்டை நாட்டு நூலும்

2021 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கும் பட்டு நூலுக்கும் சுங்கவரி 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. அதே பட்ஜெட்டில் பருத்திக்கும் புதிதாக வரி வந்ததால் பேச்செல்லாம் பருத்தியைப் பற்றியே இருந்தது. பட்டின் மேல் ஏறிய ஐந்து விழுக்காடு பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. அந்த ஆண்டின் பின்பாதியில் கோரா எனப்படும் கச்சாப் பட்டின் விலை ஏறத் தொடங்கியது. ராமநகரச் சந்தையில் பட்டுக்கூடு அதுவரை காணாத விலைக்குப் போனது. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் வட்டாரத்துத் தறிகளுக்கு அது நேரடியான அடி.

விலை ஏற்றத்துக்கு வரி ஒன்றையே காரணமாக்க முடியாது. 2020 ஊரடங்கில் கூட்டு விலை சரிந்தபோது விவசாயிகள் பலர் புழு வளர்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு கல்யாணங்கள் மறுபடி நடக்கத் தொடங்கித் தேவை திரும்பியபோது சரக்கு இல்லை. ஆனால் உள்நாட்டில் நூல் தட்டுப்பட்ட அதே ஆண்டில் வெளிநாட்டு நூலின் மேல் வரி கூடியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

ஆரணி நெசவு பெரும்பாலும் கூலி நெசவு. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். தறிக்காரர் நெய்து கொடுத்துச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். நூல் விலை ஏறினால் கூலி ஏறுவதில்லை. அடுத்த பாவு வருவதுதான் தள்ளிப்போகும். ஒரு சேலைக்கு ஏறக்குறைய அரை கிலோ பட்டு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு ஆயிரம் ரூபாய் ஏறும்போது ஒரு சேலையில் ஐந்நூறு ரூபாய் கூடுகிறது. காஞ்சிபுரத்தின் கனத்த ஜரிகைச் சேலையில் இந்த ஐந்நூறு கரைந்துவிடும். எடை குறைந்த, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையுள்ள சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணியில் அது கரையாது. வாங்குகிறவர் விசைத்தறிச் சேலைக்குப் போய்விடுவார்.

அந்த நூல் எங்கிருந்து வருகிறது? கர்நாடகத்தின் ராமநகரம், சிட்லகட்டா வட்டாரங்களிலிருந்து ஒரு பகுதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, உடுமலைப் பக்கத்து வெண்பட்டுக்கூட்டிலிருந்து ஒரு பகுதி. மீதி கடல் கடந்து வருகிறது, அதில் பெரும்பங்கு சீனத்துடையது. பட்டு உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிற இந்தியாதான் பட்டை அதிகமாகப் பயன்படுத்துகிற நாடும்கூட. ஆகவே இறக்குமதி நிற்பதே இல்லை, அளவுதான் மாறுகிறது. 2002-03இல் உள்நாட்டில் 16,000 டன் அளவுக்கு விளைந்தபோது 9,000 டன்னுக்கும் மேல் இறக்குமதி ஆனது. 2022-23இல் உள்நாட்டு விளைச்சல் 36,500 டன்னை எட்டிவிட்டது, இறக்குமதி 4,000 டன்னுக்குள் இருந்தது.

சீன நூலை நெசவாளர் விரும்பியதற்கு விலை பாதிக் காரணம்தான். நம் ஊரில் காலங்காலமாக வளர்ந்த மஞ்சள் கூட்டில் அறாமல் வருகிற இழை சில நூறு மீட்டர். வெண்பட்டுக்கூட்டில் அது ஆயிரம் மீட்டரை எட்டும். இழை நீளமாகவும் ஒரே சீராகவும் இருந்தால் பாவில் அறுகிற இடங்கள் குறையும். ஊடையில் நூல் அறுந்தால் நாடாவை நிறுத்தி ஒட்டிவிடலாம். பாவில் அடிக்கடி அறுந்தால் அன்றைய வேலையே கெடும், சேலையிலும் தழும்பு விழும். பாவுக்கு வெளிநூல், ஊடைக்கு உள்நூல் என்ற வழக்கம் பல பட்டு நெசவு ஊர்களில் வேர்விட்டது இப்படித்தான்.

ஆகவே வரியைக் குறைத்தால் ஆரணிக்கு நல்லது என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். ஆனால் வரி குறைந்தால் ராமநகரத்திலும் உடுமலையிலும் கூடு விளைவிக்கிறவருக்கு விலை விழும். 2011-12 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் சுங்கவரி 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கர்நாடகத்தில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2013இல் அது 15 ஆக ஏறியது. இடையில் 10 ஆக இறங்கி, 2021இல் மறுபடி 15. இதற்கு நடுவே சீன மல்பெரிப் பட்டின் மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி வேறு: 2003இல் வந்தது, 2016இல் கிலோவுக்கு 1.85 டாலர் என்ற வடிவில் திரும்பியது. பத்தே ஆண்டுகளில் நான்கு முறை மாறிய ஒரு வரியை நம்பி எந்த விவசாயி மல்பெரி நடுவார்? எந்தச் சங்கம் நூல் கொள்முதலுக்கு ஐந்தாண்டுக் கணக்குப் போடும்?

ஒரு மல்பெரித் தோட்டத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து ஆண்டுகள் போல இலை தரும். ஒரு புழு இனத்தை உருவாக்கி, தோட்டத்தில் சோதித்து, விவசாயி கையில் சேர்க்கப் பத்தாண்டு ஆகும். தறியில் கை பழகிய பிள்ளை தனித்துக் கோர்வை நெய்யச் சில ஆண்டு வேண்டும். இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் நீண்ட ஆயுள் இருக்கிறது. வரி அறிவிப்புக்கு மட்டும் இல்லை. அண்டை நாடுகளோடு பொருளாதார ஒத்துழைப்பு என்று நாம் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த ஒத்துழைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதுதான். எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பது அதற்கு அடுத்த கேள்வி.

நீண்டகாலத் திட்டம் நமக்குக் கைவராது என்று சொல்வதற்கில்லை. இதே பட்டுத் தொழிலில் அதற்கு அருமையான சான்று உண்டு. 1991இல் ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையும் மத்தியப் பட்டு வாரியமும் சேர்ந்து இந்தியாவில் வெண்பட்டு வளர்ப்பை நிலைநாட்ட ஒரு திட்டம் தொடங்கின. வெப்ப நாட்டில் வெண்பட்டுப் புழு தாங்காது என்பது அன்றைய பொதுக்கருத்து. முதல் கட்டத்தில் மைசூர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற கலப்பினங்களை உருவாக்கினார்கள். 1997 முதல் 2002 வரை இரண்டாம் கட்டம்: ஆய்வுக்கூடத்து உத்தியை விவசாயிகளின் கொட்டகையில் வைத்துச் சோதித்தார்கள். 2002 முதல் 2007 வரை மூன்றாம் கட்டம்: கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் விரிவாக்கப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். தனி வளர்ப்புமனை, இளம்புழு வளர்ப்பு மையம், கிருமிநீக்கம், தண்டோடு இலை போடுகிற முறை என்று இன்று உடுமலையில் சாதாரணமாகத் தெரிகிற பலவும் அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஊன்றப்பட்டவை.

பலன் எப்போது வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2010 வாக்கில்கூட இந்தியாவின் வெண்பட்டு உற்பத்தி ஆண்டுக்கு 1,500 டன்னுக்குள்தான் இருந்தது. திட்டம் முடிந்து மூன்று ஆண்டு கழித்து அதை மதிப்பிட்டவர் தோல்வி என்றே எழுதியிருக்கலாம். 2022-23இல் அது 8,900 டன்னை ஒட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்று விளைவதில் மிகப் பெரும்பகுதி வெண்பட்டு. விதை போட்டதற்கும் தறிக்கு நூல் வந்ததற்கும் நடுவே இருபது ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. இடையில் எத்தனை அரசுகள் மாறின, எத்தனை முறை வரி மாறியது! திட்டம் பிழைத்ததற்கு, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே குறித்த கால எல்லையும், கட்டம் முடிந்தாலும் கலையாத நிறுவனமும் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெண்பட்டுக்கூட்டை உயர்தர நூலாக இழுக்கத் தானியங்கி நூற்பு இயந்திரம் தேவை. அந்த இயந்திரங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்து, மத்திய மாநில அரசுகளின் மானியத்தோடு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் நிறுவினார்கள். சீன நூலின் இடத்தைப் பிடிக்கிற நூலைச் சீன இயந்திரமே இழுத்துத் தந்தது. ஒரு நாட்டோடு சரக்கில் போட்டி இருக்கும்போதே கருவியிலும் அறிவிலும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது.

நமக்குக் கற்றுத்தந்த ஜப்பான், தன் வீட்டில் என்ன செய்தது? அது துயரமான கதை. 1970களில் ஜப்பான் தன் பட்டு விவசாயிகளைக் காக்க இறக்குமதியை இறுக்கியது. 1976இல் கச்சாப் பட்டு இறக்குமதியை ஒரே அமைப்பின் கையில் கொடுத்தது. கியோட்டோ நகரத்தின் நிஷிஜின் நெசவுப் பகுதியில் கழுத்துப்பட்டை நெய்தவர்கள், உலகச் சந்தை விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்து நூல் வாங்க வேண்டியிருக்கிறது என்று அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1990இல் அவர்கள் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நெசவாளர் தோற்றார், விவசாயி வென்றார் என்று தோன்றும். ஆனால் 1929இல் 22 லட்சம் குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்த அந்த நாட்டில் இன்று இருநூறு குடும்பம்கூட மிஞ்சவில்லை. எல்லையை மூடியதால் விவசாயம் பிழைக்கவில்லை, நெசவு நொந்துபோனதுதான் மிச்சம். ஆரணிக்கும் ராமநகரத்துக்கும் நடுவே யார் பக்கம் என்று கேட்கிறவர்கள் நிஷிஜின் வழக்கைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சீனம் வேறு வழியில் போனது. செஜியாங், ஜியாங்சு என்ற கிழக்குக் கடற்கரை மாகாணங்கள்தான் அங்கே பட்டின் பழைய தாயகம். தொழிற்சாலைகள் பெருகி நிலமும் கூலியும் விலை ஏறியதும், கிழக்கின் மல்பெரியை மேற்குக்கு மாற்றுவது என்று 2006இல் வணிக அமைச்சகமே ஒரு திட்டத்தை அறிவித்தது. தெற்கே வியட்நாமை ஒட்டிய குவாங்சி வட்டாரம் நாட்டின் முதன்மைப் பட்டு விளைநிலமானது. குவாங்சியின் தலைநகரம் நான்னிங். அங்கேதான் 2004 முதல் சீன-ஆசியான் பொருட்காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது. சீனமும் ஆசியான் நாடுகளும் தடையில்லா வணிகத்துக்கான சட்டக உடன்பாட்டில் 2002இல் கையெழுத்திட்டு, படிப்படியாக வரியைக் குறைத்து, 2010 ஜனவரியில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. விளைநிலத்தை நகர்த்தியதும், எல்லையைத் திறந்ததும், சந்தையை அமைத்ததும் ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன.

இதன் பலனில் ஒரு பங்கு நம் தறி வரைக்கும் வந்து சேர்கிறது. வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் லாம் தோங் மாகாணம் இருக்கிறது. அங்கே பாவோ லோக் நகரத்தைச் சுற்றிப் பட்டு வளர்கிறது. அங்கு வளர்கிற புழுக்களின் முட்டையில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அந்தக் கூட்டிலிருந்து இழுத்த நூலுக்கு முக்கியமான சந்தைகளில் ஒன்று இந்தியா. இந்திய-ஆசியான் சரக்கு வணிக உடன்பாடும் 2010 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆக, சீன முட்டை வியட்நாமில் நூலாகி இந்தியாவில் சேலையாக முடிகிறது. மூன்று நாடுகளை இணைக்கிற இந்தச் சங்கிலியில் முதல் இரண்டு கண்ணிகள் திட்டமிட்டுக் கோக்கப்பட்டவை. நம் கண்ணி பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. 2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வட்டார வணிக உடன்பாட்டுப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. சீனமும் வியட்நாமும் அதற்குள் இருக்கின்றன. விலகியதற்குப் பால் விவசாயிகள் முதல் பலரின் நியாயமான அச்சங்கள் காரணம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விலகிய பிறகு மாற்றாக ஒரு நீண்ட காலத் திட்டத்தை நாம் முன்வைக்கவில்லை.

தெற்காசியாவுக்கு வருவோம். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் தொடங்கியது. தெற்காசியத் தடையில்லா வணிக உடன்பாடு 2004இல் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் இந்த நாடுகளின் மொத்த வெளிவணிகத்தில் தங்களுக்குள் நடப்பது ஐந்து விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தனக்கு முக்கியமான பொருள்களையெல்லாம் விலக்குப் பட்டியலில் வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு வரியைக் குறைத்தது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு தலைவர்களின் உச்சி மாநாடு நடக்கவும் இல்லை.

இலங்கையோடு நிலைமை இதைவிட மேல், ஆனால் போதாது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை உடன்பாடு இப்பகுதியில் முன்னோடி. அதில் துணி சார்ந்த பிரிவைப் பாருங்கள். இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 80 லட்சம் ஆயத்த ஆடைகளுக்குச் சலுகை. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்தவையாக இருக்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் வேலை தருகிற நல்ல எண்ணம் இந்த நிபந்தனைக்குப் பின்னால் இருந்தது. ஆனால் கோட்டாவும் துறைமுகக் கட்டுப்பாடும் சேர்ந்து அதை நடைமுறையில் முடக்கின. பின்னாளில் தளர்த்தினார்கள். அதற்குள் இலங்கை ஆடைத் தொழில் மேற்கத்தியச் சந்தையோடு நிலைத்துவிட்டது. உடன்பாட்டை விரிவாக்க 2016இல் தொடங்கிய பேச்சுகள் 2018க்குப் பின் நின்று, 2023 இறுதியில்தான் மறுபடி தொடங்கின.

இந்த இடத்தில் ஆரணிக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் கூறைச்சேலை இல்லாமல் தாலி ஏறாது. கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் தொங்குகிற பட்டுச்சேலைகளில் பல தமிழ்நாட்டுத் தறியில் நெய்தவை. இவ்வளவு உறுதியான சந்தை வேறு எந்த நாட்டிலும் நமக்குக் கிடையாது. ஆனாலும் இந்த வணிகத்தில் எவ்வளவோ பங்கு பயணிகளின் பெட்டிக்குள் போகிறது. அப்படிப் போகிற சேலைக்கு ரசீது இல்லை, காப்பீடு இல்லை, தரத்துக்குப் பொறுப்பு இல்லை. 2020 முதல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கை பல பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியபோது இந்தச் சந்தையின் அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது. மறுகரையில் மருதமுனை கைத்தறிக்காரர்களோ நூலுக்கு வெளிநாட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கரையில் நூல் இருக்கிறது, மறுகரையில் தறி. ஒரு கரையில் சேலை, மறுகரையில் மணமேடை. நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. முறையான சிறு சரக்குக்கு அதில் நிலையான ஏற்பாடு வந்தால் பெட்டி வணிகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. முதலாவது, எல்லாப் பொருளையும் ஒரே உடன்பாட்டில் அடக்கும் ஆசையை விட்டு, ஒரு பொருளின் சங்கிலியைக் கையில் எடுக்க வேண்டும். ஐரோப்பா அப்படித்தான் தொடங்கியது. போரில் எதிரெதிராக நின்ற பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளோடு சேர்ந்து 1951இல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் மட்டும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஆயுள் 50 ஆண்டு என்று அதிலேயே எழுதினார்கள். 2002இல் காலம் முடிந்து அது ஓய்ந்தது. அதற்குள் ஒன்றியம் உருவாகிவிட்டது.

நம்மிடம் பட்டு இருக்கிறது. பன்னாட்டுப் பட்டு வளர்ப்பு ஆணையத்தின் தலைமையகம் பிரான்சின் லியோனிலிருந்து 2013இல் பெங்களூருக்கு வந்துவிட்டது. 1949இல் உருவான மத்தியப் பட்டு வாரியமும் இன்று அதே ஊரில் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இந்தியா, வங்கதேசம், நேபாளம், இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகள் இருபது ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுக்க முடியும். கச்சாப் பட்டுக்கான வரியைப் பத்தாண்டுக்கு முன்கூட்டியே அட்டவணையாக அறிவிக்க வேண்டும். எந்த ஆண்டு எவ்வளவு குறையும் என்பது விவசாயிக்கும் நெசவாளருக்கும் ஒருசேரத் தெரிய வேண்டும். வரியில் வருகிற வருவாயின் ஒரு பகுதி, கூட்டு விலை விழும் ஆண்டில் விவசாயிக்கும், நூல் விலை ஏறும் ஆண்டில் தறிக்கும் போகிற நிதியாக இருக்க வேண்டும். இதை அரசுகள் ஏற்பது கடினம் என்று அறிவேன். வரி வருவாயை ஒரு தொழிலுக்கென்று கட்டிவைக்க நிதி அமைச்சகங்கள் விரும்புவதில்லை. ஆனால் இது இல்லாமல் ராமநகரமும் ஆரணியும் ஒரே மேசையில் உட்காரமாட்டா.

இரண்டாவது, புவிசார் குறியீடு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது இந்தியாவுக்குள் செல்லும், கொழும்பில் செல்லாது, ஏனென்றால் இந்த உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பதிய வேண்டியது. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பாதுகாப்பைப் பெற்றது. ஆரணி, காஞ்சிபுரம், திருபுவனம் பட்டை இலங்கையும், இலங்கைக் கறுவாவை இந்தியாவும் ஒரே ஒப்பந்தத்தில் ஏற்பது செலவு அதிகம் இல்லாத, யாருக்கும் இழப்பு இல்லாத தொடக்கம். வெள்ளவத்தையில் கைத்தறி விலை கொடுத்து விசைத்தறிச் சேலை வாங்குகிறவருக்கும் அது பாதுகாப்பு.

இத்தகைய பேச்சுவார்த்தைகளில் வணிக அமைச்சகமும் சுங்கத் துறையும் பெரிய தொழில் கூட்டமைப்புகளும்தான் உட்காருகின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூல் வழங்குகிற தான்சில்க் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. அங்கேயே அண்ணா பட்டுப் பரிவர்த்தனையும் இருக்கிறது. அன்றாடம் எந்தத் தரத்து நூல் எவ்வளவு போகிறது, எந்த மாதம் பாவு தட்டுப்படுகிறது என்ற கணக்கு அவர்களின் பேரேட்டில் உறங்குகிறது. அந்தக் கணக்கைத் தர வாரியாக, பாவு ஊடை வாரியாகப் பிரித்து, அடுத்த பத்தாண்டுத் தேவையோடு சேர்த்து, இலங்கையோடு நடக்கிற அடுத்த சுற்றுப் பேச்சுக்கும், கச்சாப் பட்டு வரியின் அடுத்த மறுபரிசீலனைக்கும் முன்பாகத் தமிழ்நாட்டுக் கைத்தறித் துறை டெல்லிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் உள்ள சங்கங்கள் தங்கள் பங்கை இந்த ஆண்டிலேயே தொகுக்கத் தொடங்கலாம்.